முன்பக்கம் சுத்தம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் கம்பெனியின் புது எஞ்சின் சோதனை மேடை ஏறியது. ஏற்றியது நான். கிரேனும் கொஞ்சம் உதவி செய்தது.

பணகுடிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. அரசாங்கத்துடையது அல்ல, தனியார். பதினோரு வருடமாக ராக்கெட் எஞ்சின் செய்கிறார்கள். முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து நான் இருக்கிறேன். பதிவேட்டில் 'உதவியாள் சுப்புக்குட்டி' என்றுதான் போட்டிருக்கும். ஃபோர்மேன் மரியசிலுவையிடம் சர்டிபிகேட் இருக்கிறது, என்னிடம் மூளை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

இந்த எஞ்சின் மற்றதைப்போல இல்லை. மற்ற ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் முதுகில் சுமந்துகொண்டு போகும். இது காற்று இருக்கும் உயரம் வரை காற்றையே உறிஞ்சிக் குடித்துக்கொண்டு போகும். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு தன் டேங்கில் இருப்பதைக் குடிக்கும். சுமை குறைவு. போய்விட்டு விமானம்போல இறங்கி, மறுபடியும் போகலாம்.

அந்த வாயைச் செய்தவள் என் அக்கா மகள் பிரமநாயகி. ஒன்பது வருட உழைப்பு. வாய்க்குப் பின்னால் இடியாப்பம் பிழிந்ததுபோல ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். கொதித்துக்கொண்டு வருகிற காற்றை ஒரு நொடியில் குளிரவைக்க. வாயையும் குழாய்க்கூட்டையும் நாற்பத்தெட்டுத் திருகு போட்டுப் பிணைத்திருக்கிறாள். பெரியவர்கள் எல்லோரும் வெல்டிங் வைக்கச் சொன்னார்கள். "ஒவ்வொரு தடவ திரும்பி வந்ததும் கழத்திப் பாக்கணும், திருகுதான்" என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தாள்.

ஏழு வயதில் அவளுக்கு ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சக் கற்றுக்கொடுத்தவன் நான். இந்த எஞ்சின் அங்கேதான் ஆரம்பித்தது. யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பிரமு எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தாள். நான் முன்வரிசை.

"இதுவரைக்கும் நாம ஓட்டுன எஞ்சினுக்குப் பின்பக்கம்தான் ஆபத்து. முன்பக்கம் நின்னு கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம். இதுக்கு முன்பக்கமும் வாய் உண்டு. ஒரு கல்லு, ஒரு நட்டு, என்ன கிடந்தாலும் இழுத்துரும். குழாய் கிழிஞ்சா எல்லாம் போச்சு."

அதனால் புது வழக்கம். டெஸ்ட்டுக்கு முன் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நடந்து, மேடைக்கு முன்னால் கிடக்கிற துரும்பையும் பொறுக்க வேண்டும். பொறுக்கியபின் 'முன்பக்கம் சுத்தம்' என்று பதிவேட்டில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒத்திகையில் அதிகம் பொறுக்கியவன் நான். ஒரு வாஷர், இரண்டு பீடித்துண்டு, ஒரு குருவி இறகு. எல்லோரும் கைதட்டினார்கள். மரியசிலுவை மட்டும் தட்டவில்லை. "வேய், அந்தப் பீடித்துண்டு ரெண்டும் நேத்து நீரு போட்டதுல்லா" என்றார். பொறாமை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டு மாடியில்தான் என் ஜாகை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். (ஏழெட்டு இடத்திலிருந்து கெஞ்சினார்கள்.) மத்தியானம் கீழே போய் மஞ்சள் துணி கிழித்து வந்தேன்.

யாருக்கும் சொல்லாத ரகசியம் இது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு இரண்டு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, எங்கள் குலசாமி சாஸ்தாவை நினைத்து, எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற கம்பியில் கட்டிவிடுவேன். டெஸ்ட் முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டுபோய்ச் சாஸ்தா கோயில் உண்டியலில் போடுவேன். முப்பத்தாறு டெஸ்ட், முப்பத்தாறு முடிப்பு. முப்பத்தாறும் வெற்றி. நாலு வெடித்தது, இரண்டு பற்றவே இல்லை. ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது வெற்றிதானே.

கம்பிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. எஞ்சினியர்கள் கணக்குப் போடுகிறார்கள். முடிச்சுப் போடுவது நான்.

மார்ச் 10, செவ்வாய்

டெஸ்ட் நடந்தது.

வரிசையாக நடந்து பொறுக்கினோம். 'முன்பக்கம் சுத்தம்' பதிவேட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. பிறகு எல்லோரும் தூரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். நான்தான் கடைசியாகப் போனேன். செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மேடைப் பக்கம் கொஞ்சம் நின்றேன்.

தொண்ணூறு செகண்ட் ஓட வேண்டியது. பதினோரு செகண்டில் நின்றுவிட்டது. முதலில் நல்ல கம்பீரமான உறுமல். பிறகு தகரத்தில் ஆணி உரசியதுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகை. பிரமு நாற்காலியைவிட்டு எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள்.

வருகிற வழியில் சின்ன வெங்காயம் ஒரு கிலோ வாங்கினேன்.

மார்ச் 11, புதன்

இன்று மேடையைக் கூட்டும் வேலை. முன்னால் உள்ள கம்பியில் முடிச்சு மட்டும் இருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

எஞ்சின் வாயைக் கழற்றிப் பார்த்தார்கள். குழாய்கள் கிழிந்து கிடக்கின்றன. உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு உலோகக் கட்டி, குழாயோடு உருகி ஒட்டிப்போய் இருந்தது. எவர்சில்வர் மாதிரி இருக்கிறது. கிழிந்த இடத்தில் திருகுகள் பிய்ந்துபோயிருக்கின்றன. எண்ணியதில் நாற்பத்தேழுதான் வருகிறது.

"ஒண்ணு கழண்டு உள்ள போயிருக்கு, வேற என்ன" என்றார் மரியசிலுவை.

தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். என் முறை வந்தபோது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. தூசி ஜாஸ்தி.

மார்ச் 14, சனி

முருங்கைக்காய்ச் சாம்பார். உப்புக் கொஞ்சம் தூக்கல். பிரமு தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாப்பத்தெட்டையும் நாந்தான் மாமா முறுக்குனேன். யாரையும் தொடவிடல. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ அளவு பாத்தேன்."

"எஞ்சின்னா அப்படித்தான் இருக்கும் ஏட்டி. ஜெர்மனிக்காரன் எஞ்சின் நூறு தடவ வெடிச்சிருக்கு."

"ஜெர்மனிக்காரன் எந்த எஞ்சின் மாமா?"

"பெரிய எஞ்சின்."

அவள் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அக்கா என் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மார்ச் 16, திங்கள்

பெங்களூரிலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு ஏ.சி. அறையில் குஷன் நாற்காலி. காப்பி பீங்கான் கோப்பையில் வந்தது. எங்கள் தலைவர் ஜெபக்குமார் சார் என்னைக் காட்டி, "பழைய ஆள். பதினோரு வருஷ அனுபவம்" என்றார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மூன்று பேரில் கண்ணாடி போட்டவர் கேட்டார்: "இந்தத் திருகு இணைப்பைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?"

என் அபிப்பிராயம்! அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். பிறகு சொன்னேன்:

"நான் அப்பவே சொன்னேன் சார். திருகு வேண்டாம், அதிர்வுல கழண்டுரும், வெல்டிங் வையிங்கன்னு. என் மருமகதான். ஆனா தொழில்ல சொந்தம் பாக்கப்பிடாது. சொன்னேன். சின்னப் பிள்ளைல்லா, கேக்கல."

மூன்று பேரும் எழுதினார்கள். ஒருவர் தலையாட்டினார். கண்ணாடிக்காரர், "அனுபவம் அனுபவந்தான்" என்றார்.

வெளியே வந்தபோது கால் தரையில் படவில்லை. இரண்டு மணி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு மணிக்கு பிரமு கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இன்றைக்கு நான் கேன்டீனுக்குள் போகவில்லை. பசியும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

லீவு. வயிறு சரியில்லை.

மார்ச் 19, வியாழன்

பிரமு மாடிக்கு வந்தாள். கையில் ஒரு தாள். நான் சொன்னதை டைப் அடித்து, அவள் பதில் கேட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாளில் என் பேருக்குப் பக்கத்தில் 'மூத்த பணியாளர்' என்று போட்டிருந்தது.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். நான் தயாராக இருந்தேன். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, இத நீங்க எப்ப சொன்னிய?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"பொங்கலுக்கு முந்தி. நீ கம்ப்யூட்டர்ல இருந்த."

அவள் தாளை மடித்தாள், மறுபடியும் பிரித்தாள்.

"சொல்லியிருப்பிய. நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த மாசம் யார் சொன்னதும் எங்காதுல ஏறல. அப்படியே எழுதிக் குடுத்துருதேன்."

"எழுதாத ஏட்டி. அதெல்லாம் ஒரு பேச்சுக்கு..."

"இல்ல மாமா. நீங்க எச்சரிச்சிருக்கிய. அத மறைச்சா தப்பு."

என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து அழகாக இருக்கும். இந்த மேசையில் வைத்துத்தான் எழுதினாள். என் பேனாவை வாங்கி எழுதினாள்.

நான் எப்போதாவது அப்படிச் சொன்னேனா என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திருகு நல்லது என்றுதான் டீக்கடையில் எல்லோரிடமும் பேசினேன். திருகு என் யோசனை என்றுகூட.

மார்ச் 21, சனி

பிளேடை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். கம்பியில் முடிச்சு அப்படியே இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும்.

"என்ன வேய் அங்கன?" மரியசிலுவை.

"சிலந்திவலை."

அவர் போய்விட்டார். அறுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும். அறுக்கவில்லை. காரணம் எழுதத் தெரியவில்லை.

பிளேடு சட்டைப் பையைக் கிழித்துவிட்டது. தைக்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

அக்கா துவைத்த துணியை உதறிக்கொண்டே சொன்னாள். புதன்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார்களாம். திருகுதான் காரணம் என்று முடிவு. காற்று உறிஞ்சும் எஞ்சினை மூட்டைகட்டிவிட்டு வழக்கமான எஞ்சினுக்கே திரும்பிவிடுவார்களாம். பிரமு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள்.

"லேப்ல குடுத்து அந்தக் கட்டி என்னன்னு பாக்கலயா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குன்னாவளாம். சாட்சியே இருக்காம்லா." ஈரச்சேலையைக் கொடியில் போட்டாள். "ஏல சுப்பு, ஊரெல்லாம் வாய் ஓயாமப் பேசுவியே. இந்தப் பிள்ளைக்காக அங்க ரெண்டு வார்த்த பேசுனியால?"

"பேசுனேன்" என்றேன்.

இந்த மாதம் நான் வாய்விட்டுச் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் கலக்காத வார்த்தை என்று நினைக்கிறேன். பேசியது அவளுக்கு எதிராக. அதை எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 25, புதன்

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்கே போய் வாசலில் நின்றேன். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று பேர், ஜெபக்குமார் சார், மரியசிலுவை, பிரமு. அவளுக்கு முன்னால் ஒரு கவர் இருந்தது.

"சார், திருகு இல்ல சார். காசு. நான் கட்டி வச்ச காசு."

சொன்னேன். முடிப்பு, கம்பி, சாஸ்தா, அறுந்துபோகாத செருப்பு வார், எல்லாம். திருகு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை என்பதையும் சொன்னேன்.

ஜெபக்குமார் சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"உட்காருங்க சுப்புக்குட்டி. உங்க மனசு புரியுது. மருமகளைக் காப்பாத்த இப்படி ஒரு கதை சொல்லிப் பழியை ஏத்துக்கணுமா?"

"கதையில்ல சார்."

மரியசிலுவை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இவரு சுனாமிய ரெண்டு கையால தடுத்தேன்னு போன வருஷம் சொன்னவரு" என்றார்.

கண்ணாடிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அன்றைக்கு என் வாயிலிருந்து பொய் வந்தபோது பேனாவைத் திறந்த அதே மனிதர் இப்போது பேனாவை மூடினார்.

சிரிக்காதது பிரமு மட்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து என் கதையைக் கேட்டு வளர்ந்தவள். நான் கதைவிடும்போது என் கை எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இன்று என் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

எழுந்து வெளியே போனாள். இரும்புத்தூள் பொறுக்கும் காந்தத்தை எடுத்து வந்தாள். சட்டைப் பையிலிருந்து தன் திருகு ஒன்றை மேசையில் வைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஒட்டவில்லை. கிழிந்த குழாய்த்துண்டு ஒன்றை வைத்தாள். அதுவும் ஒட்டவில்லை.

"யாராச்சும் ரெண்டு ரூவாக் காசு குடுங்க."

ஜெபக்குமார் சார் கொடுத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

பிறகு தட்டில் இருந்த கட்டிக்குமேல் காந்தத்தைப் பிடித்தாள். கட்டி, தன்னோடு ஒட்டியிருந்த குழாயையும் இழுத்துக்கொண்டு எழும்பிப் போய் ஒட்டியது. காந்தத்தோடு அதைத் தூக்கிக் கண்ணாடிக்காரர் முன்னால் வைத்தாள். "காணாமப் போன திருகு, குழாய் கிழிஞ்சப்ப பிய்ஞ்சு பின்பக்கமாப் போயிருக்கும்" என்றாள்.

எல்லோரும் மேடைக்குப் போனார்கள். முடிச்சை நான்தான் காட்டினேன். மரியசிலுவை குனிந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கேலியாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கிருந்து போய்விட்டார்.

திரும்பி வரும்போது பிரமு என் பக்கத்தில் நடந்தாள்.

"பதினஞ்சு நாளு மாமா. எங்கையையே நான் நம்பல. காலைல பல்லு விளக்கக் குழாயத் தொறந்தாக்கூட, சரியாத்தான் திருகுனமான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

"தப்புதான் தாயி."

"காசு கட்டுனது தெரியாமச் செஞ்சது. அத விடுங்க. அன்னைக்கு மாடிக்கு வந்து கேட்டேம்லா. அப்ப எம்மூஞ்சிய பாத்துல்லா சொன்னிய."



மார்ச் 26, வியாழன்

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாலு வரி. நாலு தாள் கிழித்தேன். எழுதியது இது:

'மார்ச் 10 அன்று முன்பக்கம் சுத்தம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு எஞ்சினுக்கு முன்னால் காசு கட்டியவன் நான். திருகு பற்றி பிரமநாயகியிடம் நான் எதுவும் சொன்னதில்லை. எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. சுப்புக்குட்டி, உதவியாள்.'

வேலை போய்விட்டது. ஜெபக்குமார் சார் கை குலுக்கவில்லை, திட்டவும் இல்லை.

அக்கா கீழே நின்றபடியே கத்தினாள்: "மேலேயே இரி. சோறு குடுத்தனுப்புதேன். அவ வீட்ல இருக்கையில கீழ வராத."

ஏப்ரல் 1, புதன்

பங்குனி உத்திரம். எல்லோரும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் மாடித் தொட்டியைக் கழுவினேன்.

ஏப்ரல் 20, திங்கள்

எஞ்சினுக்குப் புதுக் குழாய்க்கூடு செய்கிறார்களாம். திருகுதான் போடுகிறார்களாம். அக்கா பக்கத்து வீட்டில் சொன்னது மேலே கேட்டது.

ஜூன் 9, செவ்வாய்

நான்குவழிச் சாலை விலக்கில் நெல்சன் டீக்கடையில் இருந்தேன். பதினொன்றே கால் மணிக்கு மலைப்பக்கமிருந்து உறுமல் வந்தது. அலமாரியில் இருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வந்தபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு. பதின்மூன்று. தொண்ணூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். அதன்பிறகும் அது நிற்கவில்லை.

"அண்ணாச்சி, ஒம்ம எஞ்சின்லா உறுமுது!" என்றான் நெல்சன். "ஐடியா ஒம்மதுன்னு சொன்னீரே!"

"என் ஐடியா இல்ல. அது எம் மருமக பிரமநாயகி செஞ்சது. மார்ச் மாசம் அத ஒடச்சது நான். முன்னால ரெண்டு ரூவாக் காசு கட்டி வச்சேன். உள்ள இழுத்துக் கிழிச்சிட்டுது."

ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கடையே சிரித்தது. லாரிக்காரர் ஒருவருக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது.

"ராக்கெட்ட! ரெண்டு ரூவாயில!"

"சத்தியமா வேய்" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, நீரு இதுவர அளந்ததுலேயே இதான் டாப்பு" என்று நெல்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மத்தியானம் புதிதாக இரண்டு பேர் வந்து உட்கார, "முதல்ல இருந்து சொல்லும், இவங்களும் கேக்கட்டும்" என்று என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். மறுபடியும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுபடியும் சிரித்தார்கள்.

அப்போதுதான் கம்பெனி வேன் வந்து கடைக்கு எதிரே நின்றது. டெஸ்ட் முடிந்து வருகிறவர்கள். மரியசிலுவை பார்சல் டீ வாங்க இறங்கினார். ஜன்னல் ஓரத்தில் பிரமு. முகத்தில் கரி. பதினைந்து நாள் தொலைத்த தூக்கமெல்லாம் திரும்பி வந்ததுபோல ஒரு களை. சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரிக்க, நடுவில் நான் நின்றேன். எத்தனையோ வருடமாக அவள் பார்த்த அதே காட்சி. கையை அசைத்து 'அது இல்லை, நான் உண்மையைத்தான்' என்று எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. கை பாதி எழும்பியது. அதைப் பார்த்து நெல்சன், "ஆங், காச எப்படிக் கட்டுனீரு, நடிச்சுக் காட்டும்" என்றான்.

பிரமு ஒரு நொடி பார்த்தாள். பிறகு வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.